குற்றவாளிப் பட்டியலில் அம்மாவின் விலாசம்

டேரோ கவுண்டி என்கிற அந்த மலை மாவட்டத்துக்கு யாராவது புதிதாகக் குடிவந்தால் ஜனங்கள் முதலில் விசாரிப்பது லீட்டாவிடம்தான். வெண்டலின் தீவனக் கடையில் கல்லாவுக்குப் பின்னால் உட்கார்ந்திருப்பாள். நாற்பத்தெட்டு வயது, ஒல்லி உடம்பு, கழுத்தில் சங்கிலி போட்டுத் தொங்கவிட்ட மூக்குக்கண்ணாடி. கோழித் தீவனமும் மாடு நக்குகிற உப்புக்கட்டியும் வேலிக்கம்பியும் வாங்க வருகிறவர்கள், சாமானை வண்டியில் ஏற்றச் சொல்லிவிட்டு, கல்லா மேல் முழங்கையை ஊன்றிக்கொண்டு குரலைத் தாழ்த்துவார்கள்.

"ஏம்மா லீட்டா, ப்ரூயிட் வீட்டுக்கு ஒருத்தன் வந்திருக்கானே, தாடி வச்சுக்கிட்டு. லிஸ்டுல இருக்கானான்னு கொஞ்சம் பாரேன்."

எந்த லிஸ்ட் என்று அவளும் கேட்கமாட்டாள். பெண்களிடமும் பிள்ளைகளிடமும் கைவைத்துவிட்டுச் சிறைக்குப் போய்வந்தவர்களின் பெயர், படம், விலாசம் எல்லாவற்றையும் அரசாங்கம் இணையத்தில் போட்டு வைத்திருக்கிறது. யார் வேண்டுமானாலும் பார்க்கலாம். ஆனால் இந்த மலைப்பக்கத்தில் பாதி வீடுகளுக்கு சிக்னல் எட்டாது. கடையில் எட்டும். அதோடு லீட்டாவுக்கு அந்தப் பட்டியல் அத்துப்படி. பெயர் தெரியாவிட்டால் எந்த ரோடு என்று போட்டுத் தேடுவாள், எழுத்துப் பிசகினால் நாலு விதமாக மாற்றிப் போட்டுப் பார்ப்பாள். கண்ணாடியை மூக்கில் ஏற்றி, உதட்டைக் குவித்துக்கொண்டு தட்டுவாள். "இல்ல, இவன் வெறும் தாடிக்காரன்தான்" என்று அவள் சொன்னதும் எதிரில் நிற்பவர்களுக்கு மூச்சு வரும். சில பேருக்குக் கொஞ்சம் ஏமாற்றமாகவும் இருக்கும்.

"தீவனம் விக்கத்தான் உன்னை வச்சேன்" என்பார் வெண்டல். எழுபது தாண்டியவர், இடுப்புவலிக்காரர். "நீ என்னடான்னா ஷெரீப்போட போலீஸ் வேலையையும் சேத்துப் பாக்குற. ஒரு நட்சத்திரம் வாங்கி சட்டையில குத்திக்கோ."

"நீங்களே ஒண்ணு வாங்கிக் குடுங்க, குத்திக்கிறேன்" என்பாள்.

ஊரில் அவளுக்கு நல்ல பெயர். சொந்தத்தில் பிள்ளை இல்லை, ஆனாலும் ஊர்ப் பிள்ளைகள் மேல் எவ்வளவு அக்கறை பார் என்பார்கள். ஒரு ஞாயிற்றுக்கிழமை தேவாலயத்தில் பாதிரியாரே எழுந்து, நம் பிள்ளைகளுக்குக் காவலாக இருக்கிற சகோதரி என்று அவளைக் காட்டினார். எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். லீட்டா பாட்டுப் புத்தகத்தைப் புரட்டிக்கொண்டிருந்தாள். அவர் சொன்னது உண்மையில்லை என்று அவளுக்குத் தெரியும். ஊர்ப் பிள்ளைகளுக்காக அவள் அந்தப் பட்டியலைப் பழகவில்லை.

திங்கட்கிழமை காலையில் வெண்டல் வருவதற்கு முன் கடையைத் திறந்து, காப்பி போட்டுவிட்டு, கணினியில் ஒரே ஒரு பெயரைத் தட்டுவாள். ராய்ஸ் டெட்மர். தெற்கே இரண்டு கவுண்டி தள்ளி, ஸ்வீட்கம் ரோடு விலாசம் வரும். லீட்டா பிறந்து வளர்ந்த வீட்டின் விலாசம் அது. அங்கேதான் அவளுடைய அம்மா வான்டா இருந்தாள். டெட்மர் அம்மாவின் இரண்டாவது புருஷன். அவன் விலாசம் மாறாதவரை அம்மா இருக்கிறாள் என்று அர்த்தம். அம்மாவைப் பற்றி லீட்டாவுக்கு வந்துகொண்டிருந்த சேதி அவ்வளவுதான்.

லீட்டாவின் அப்பா மரம் வெட்டப்போன இடத்தில், வெட்டிய மரத்துக்கு அடியிலேயே போய்ச் சேர்ந்தார். அவளுக்கு ஒன்பது வயதில் டெட்மர் வந்தான். மர அறுவை ஆலையில் ரம்பத்துக்குச் சாணை பிடிக்கிறவன். தேவாலயத்தில் நன்றாகப் பாடுவான். சனிக்கிழமைகளில் அவனே அடுப்படிக்குப் போய் எல்லோருக்கும் பான்கேக் சுடுவான். வான்டாவுக்கு அதிர்ஷ்டம்தான் என்று அக்கம்பக்கத்தில் சொன்னார்கள். லீட்டாவுக்குப் பதின்மூன்று வயதானபோது அவன் செய்தது என்ன என்பதை அவள் பள்ளிக்கூடத்தில் தையல் டீச்சரிடம் சொன்னாள். டீச்சர் கையிலிருந்த துணியைக் கீழே வைத்துவிட்டு, அவளை நேராக ஆபீஸ் அறைக்குக் கூட்டிப் போனாள்.

டெட்மர் கோர்ட்டில் குற்றத்தை ஒப்புக்கொண்டான். ஒப்புக்கொண்டால் தண்டனை குறையும் என்று வக்கீல் சொல்லியிருந்தார். அன்றைக்கு அம்மா நீலப் பூப்போட்ட சட்டை போட்டுக்கொண்டு வந்து அவன் பக்கத்து வரிசையில் உட்கார்ந்தாள். லீட்டாவின் பக்கத்தில் அத்தை ஃபே மட்டும் இருந்தாள்.

"கொஞ்ச நாள் ஃபே வீட்ல இரு. எல்லாம் ஆறட்டும்" என்றாள் அம்மா.

ஆறவேயில்லை. அவளுடைய துணிமணிகள் இரண்டு தீவனச் சாக்கில் கட்டி வந்து சேர்ந்தன. போன் செய்தால் அம்மா எடுப்பாள், குரல் கேட்டதும் வைத்துவிடுவாள். ஏழு வருஷம் கழித்து டெட்மர் சிறையிலிருந்து வெளியே வந்ததும் நேராக ஸ்வீட்கம் ரோட்டுக்குத்தான் போனான். அம்மா அவனுக்காகக் காத்திருந்தாள்.

"உங்கம்மாவுக்குப் புருஷன் இல்லாம இருக்கத் தெரியாதுடி" என்பாள் ஃபே அத்தை. "சிலருக்குக் குடி, சிலருக்கு சூதாட்டம், அவளுக்கு அது."

லீட்டா ஒரு லாரி டிரைவரைக் கல்யாணம் செய்துகொண்டாள். நல்ல மனிதன்தான். பக்கத்தில் வந்தாலே விறைத்துப்போகிற பெண்ணோடு எத்தனை நாள் வாழமுடியும்? சண்டை சச்சரவு இல்லாமல் பிரிந்து போனான். அத்தை இறந்தபின் அம்மா பக்கத்துச் சேதி சொல்ல ஆளில்லை. அப்போதுதான் அந்தப் பட்டியல் இணையத்துக்கு வந்தது.

வருஷா வருஷம் ஷெரீப் ஆபீசில் புதுப் படம் எடுத்துப் போடுவார்கள். லீட்டா கட்டைவிரலால் அவன் முகத்தை மறைத்துக்கொண்டு மீதியைப் பார்ப்பாள். சட்டைக் காலர் கத்திமுனை மாதிரி மடிப்புக் கலையாமல் இருக்கும். அம்மாவின் இஸ்திரி. கஞ்சி போட்டுத்தான் தேய்ப்பாள். முடிவெட்டும் அம்மாவின் கைவேலைதான். அப்பாவுக்கும் அவளேதான் வெட்டுவாள், இடது காதுக்கு மேல் எப்போதும் ஒரு நூல் தூக்கலாகப் போய்விடும். அந்தக் கோணல் கூடாமல் குறையாமல் அப்படியே இருந்தால், அம்மாவின் கை இன்னும் நடுங்க ஆரம்பிக்கவில்லை என்று நிம்மதியாக இருக்கும். ஒரு வருஷம் காலர் கசங்கியிருந்தது. அம்மாவுக்குக் காய்ச்சலா, கீழே விழுந்துவிட்டாளா என்று அந்த வருஷம் முழுக்க லீட்டா அந்தப் படத்தையே திரும்பத் திரும்பத் திறந்து பார்த்தாள். அடுத்த வருஷப் படத்தில் மடிப்பு திரும்ப வந்தது. அன்றைக்கு வெண்டலுக்கு ஆப்பிள் பை என்கிற பலகாரம் செய்து கொண்டுபோனாள்.

"என்ன விசேஷம்?" என்று கேட்டார் வெண்டல்.

"சும்மாதான்" என்றாள்.

போன வசந்தத்தில் ஒரு நாள் டார்லீன் கடைக்குள் வேகமாக வந்தாள். ஆடு வளர்க்கிறவள். உடம்பும் பெரிது, குரலும் பெரிது. மாட்டுக்காரர் எர்வின் ஏற்கெனவே காப்பியோடு உட்கார்ந்திருந்தார்.

"லீட்டா கண்ணு, சீக்கிரம் அதைத் திற. கிளியர் ஃபோர்க் ஓடைப் பக்கம் அந்த ஓட்டை டிரெய்லர் வீடு இருக்கில்ல, அதுல ஒரு கிழவன் வந்து உக்காந்திருக்கான். கார் நிறையத் துணிமூட்டை. எனக்கு அவன் முழியே பிடிக்கல."

"முழிய வச்சுப் பிடிச்சா இந்த ஊர்ல முதல்ல உன் புருஷனத்தான் பிடிக்கணும்" என்றார் எர்வின்.

"நீங்க வாய மூடிட்டுக் காப்பியக் குடிங்க."

லீட்டா சிரித்துக்கொண்டே கிளியர் ஃபோர்க் ரோடு என்று தட்டினாள். ஒரே ஒரு பெயர் வந்தது. ராய்ஸ் டெட்மர். அந்தத் திங்கட்கிழமை தீவன லாரி வந்த அமளியில் அவள் வழக்கமாகப் பார்ப்பதைப் பார்க்காமல் விட்டிருந்தாள். புதுப் படம். வெள்ளை முடி காதை மூடி வளர்ந்திருந்தது. காலர் சுருண்டு கிடந்தது.

டார்லீன் கல்லாவைச் சுற்றிக்கொண்டு வந்து அவள் தோளுக்கு மேலாகக் குனிந்தாள். எர்வினும் எழுந்து வந்தார்.

"இவனேதான்! பாத்தீங்களா, நான் சொல்லல?" டார்லீன் விரலை வைத்து வரி வரியாகப் படித்தாள். "பாதிக்கப்பட்டவர் பெண், வயசு பதிமூணு. அய்யோ கர்த்தரே. பதிமூணு! அந்தப் பொண்ணு இப்ப எங்க இருக்கோ, எப்படி இருக்கோ."

"எங்கயாவது பைத்தியம் பிடிச்சுக் கிடக்கும்" என்றார் எர்வின். "இல்ல போதை மருந்து. இந்த மாதிரிப் பொண்ணுங்க அப்படித்தான் போகும்."

"அந்தப் பொண்ணோட அம்மாக்காரி என்ன பண்ணிட்டிருந்தா? அதச் சொல்லுங்க. கண்ணு என்ன பொட்டையா?"

"இன்னொரு பக்கமும் இருக்கு டார்லீன். பதிமூணுன்னா அது ஒண்ணும் தொட்டில் குழந்தை இல்ல. சிலதுங்க அந்த வயசுலயே..." என்று இழுத்துவிட்டு எர்வின் காப்பியை உறிஞ்சினார்.

லீட்டாவின் காதில் பாதிதான் விழுந்தது. அம்மா செத்துப்போய்விட்டாள், அதனால்தான் அவன் வீட்டைவிட்டு வந்திருக்கிறான் என்ற நினைப்பைத் தவிர மண்டைக்குள் வேறெதுவும் இல்லை. செத்துப் புதைத்தும் ஆகியிருக்கும். யாரும் சொல்லவில்லை. பட்டியல்கூட அவனைப் பற்றித்தான் சொன்னது, அம்மாவைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை.

தலைவலி என்று வெண்டலிடம் சொல்லிவிட்டு வண்டியை எடுத்தாள். மத்தியானத்துக்குள் ஸ்வீட்கம் ரோட்டுக்குப் போய்விட்டாள். வழி மறக்கவில்லை. வீட்டுக்குப் பச்சைப் பெயிண்ட் அடித்திருந்தார்கள். வேறு யாராவது இருப்பார்கள், கல்லறை எங்கே என்று கேட்டுக்கொண்டு திரும்பிவிடலாம் என்று நினைத்துக் கதவைத் தட்டினாள்.

கதவைத் திறந்தது அம்மா. குள்ளமாகிவிட்டிருந்தாள். இரண்டு கண்ணிலும் வெள்ளை படர்ந்திருந்தது.

"யாரு? மீட்டர் பாக்க வந்தவங்களா?"

"நான் லீட்டா."

அம்மா கதவைப் பிடித்துக்கொண்டு, வெளிச்சம் வருகிற பக்கமாக முகத்தைச் சாய்த்துச் சாய்த்துப் பார்த்தாள். "எலும்பும் தோலுமா இருக்கே" என்றாள். "உள்ள வா. ஈ நுழையுது."

அடுப்படியில் அதே மேஜை. அம்மா கையால் தடவித் தடவிக் காப்பி ஊற்றினாள். லீட்டா உட்கார்ந்தாள். அழுகை வரும் என்று எதிர்பார்த்தாள், வரவில்லை.

"அவன் எங்கம்மா?"

"அவனா? துரத்திட்டேன்."

லீட்டா கோப்பையைக் கீழே வைத்தாள். இத்தனை வருஷத்தில் அம்மாவின் வாயிலிருந்து இந்த வார்த்தை வருமென்று எதிர்பார்ப்பதையே விட்டிருந்தாள். பதின்மூன்று வயதில் ஃபே அத்தையின் பின்கட்டு அறையில் படுத்துக்கொண்டு, அம்மா வண்டியில் வந்து இறங்கி இதைச் சொல்வதாக எத்தனையோ தடவை நினைத்துப் பார்த்திருக்கிறாள். இப்போது சொல்லிவிட்டாள். காதில் விழுந்துவிட்டது.

"எதுக்கும்மா?" என்று மெதுவாகக் கேட்டாள். "எதுக்குத் துரத்தினே?"

அம்மாவின் கீழுதடு துடித்தது. வெள்ளை படர்ந்த கண்ணிலிருந்து தண்ணீர் வழிந்தது.

"என் பட்டனைச் சுட்டுட்டான்."

"பட்டனா?"

"என் நாய்டி. பட்டன்னு பேரு. இத்தனூண்டு இருக்கும். இவன் டிவி பாக்குறப்போ குலைச்சுதாம். துப்பாக்கிய எடுத்துட்டுக் கொட்டகைக்குப் பின்னால கொண்டுபோய்ச் சுட்டுட்டான். எனக்குச் சத்தம்தான் கேட்டுது. போய்த் தடவிப் பாத்தேன், உடம்பு சூடா இருந்துச்சு." அம்மா ஏப்ரனின் நுனியால் மூக்கைத் துடைத்தாள். "நான் விடல. அங்க மாட்டியிருக்கே அந்த போன், அத எடுத்து நானே ஷெரீபுக்குப் போட்டேன். எம் புருஷன் என்ன பண்ணினான்னு நீங்க வந்து பாருங்கன்னேன். அரைமணியில வந்துட்டாங்க. இவன என் வீட்டைவிட்டுக் கிளப்புங்கன்னேன். கிளப்பிட்டாங்க."

லீட்டா அந்த போனைப் பார்த்தாள். மஞ்சள் கலர் போன், சுருள் சுருளான வயர். அவள் சிறுமியாக இருந்தபோதும் அதே சுவரில் அதே ஆணியில் தொங்கியது.

"வாயில்லாத ஜீவன்" என்று அம்மா விசும்பினாள். "அது யாருக்கு என்ன கெடுதல் பண்ணுச்சு, நீயே சொல்லு."

"ஒரு கெடுதலும் பண்ணலம்மா" என்றாள் லீட்டா. காப்பியைக் குடித்தாள். ஆறிப்போயிருந்தது.

கிளம்பும்போது அம்மா அவள் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டாள். "நல்லவேளை நீ வந்தே. கண்ணுல ஆபரேஷன் பண்ணணும்னு டாக்டர் நாள் குறிச்சுட்டான். கூட்டிட்டுப் போக ஆளில்ல. அவன்தான் வண்டி ஓட்டுவான்."

வர முடியாது என்று சொல்ல லீட்டாவுக்கு எல்லாக் காரணமும் இருந்தது. "எந்த நாள்?" என்றுதான் கேட்டாள். அம்மா கண் தெரிந்து தன் முகத்தை ஒரு தடவை சரியாகப் பார்த்தால் ஏதாவது சொல்லுவாள் என்று ஒரு நப்பாசை. அது வெறும் நப்பாசை என்று அவளுக்கே தெரிந்திருந்தது. தெரிந்தேதான் போனாள்.

ஆபரேஷன் முடிந்து திரும்பும் வழியில் அம்மா ஒரு கண்ணில் கட்டோடு சீட்டில் சாய்ந்திருந்தாள். மருந்து மயக்கமோ என்னவோ, பேச்சு இளகியிருந்தது.

"உனக்குச் சின்ன வயசுலேர்ந்தே நல்ல மனசு லீட்டா. அவசரம் மட்டும்தான் ஜாஸ்தி. முதல்ல எங்கிட்ட வந்திருக்கலாம். அந்த டீச்சர்கிட்டப் போகாம இருந்திருந்தா, வீட்டோட பேசித் தீத்திருக்கலாம். ஊரெல்லாம் சிரிச்சிருக்காது. உனக்கும் ஒரு குடும்பம் அமைஞ்சிருக்கும்."

லீட்டா ரோட்டைப் பார்த்து ஓட்டிக்கொண்டிருந்தாள். "உங்கிட்டத்தாம்மா முதல்ல வந்தேன்."

"எங்க வந்தே?"

"நீ தக்காளி வேகவச்சு பாட்டில்ல அடைச்சிட்டிருந்தே. அடுப்படி முழுக்க ஆவி. பக்கத்துல வந்து நின்னு சொன்னேன். ஒரு வார்த்தை விடாம சொன்னேன். நீ திரும்பவேயில்ல. 'அந்த மூடியெல்லாம் எடுத்துக் குடு, சூடு ஆறுதுல்ல'ன்னே. எடுத்துக் குடுத்தேன். நாலு நாள் பாத்துட்டுத்தான் டீச்சர்கிட்டப் போனேன்."

அம்மா முகத்தைத் திருப்பிக்கொண்டாள். கட்டில்லாத கண் ஜன்னல் பக்கம் இருந்தது.

"எனக்கு அப்படி எதுவும் ஞாபகமில்ல" என்றாள் கடைசியில். பிறகு, "அந்த வருஷம் தக்காளி நல்ல விளைச்சல்" என்றாள்.

லீட்டா வீட்டில் கொண்டுபோய் விட்டாள். கண்ணில் சொட்டுமருந்து ஊற்றி, சூப் வைத்துக் கொடுத்து, படுக்கவைத்தாள். அடுத்த கண்ணுக்கும் அவளே கூட்டிப் போனாள், ஆனால் அன்று இரண்டு பேரும் வானிலையைப் பற்றித்தான் பேசிக்கொண்டு வந்தார்கள்.

இதற்கு நடுவில் கடையில் டார்லீன் சும்மா இருக்கவில்லை. டெட்மரின் பக்கத்தை நூலகத்தில் அச்செடுத்து வந்து, கடை அறிவிப்புப் பலகையில், முயல் விற்பனைக்கும் பழைய டிராக்டருக்கும் நடுவில் குத்திவைத்திருந்தாள். வருகிறவர்கள் நின்று படித்துவிட்டு, பதிமூணு வயசுப் பெண்ணைப் பற்றி ஆளுக்கொன்று சொல்லிவிட்டுப் போவார்கள். லீட்டா நாள் முழுக்க அதற்கு எதிரில் உட்கார்ந்து சில்லறை கொடுத்துக்கொண்டிருந்தாள். அது அவள்தான் என்று காட்டிக்கொடுக்க அந்தக் காகிதத்தில் எதுவும் இல்லை. பெண், பதின்மூன்று. அவ்வளவுதான் அவள்.

ஒரு காலையில் எர்வின் பலகைக்கு முன்னால் காப்பியோடு நின்றார். கூட இரண்டு பேர்.

"இந்த மூஞ்சிய வச்சுக்கிட்டு இவன் ஒருத்தியப் பிடிச்சிருக்கான்னா, அவ எப்படிப்பட்டவளா இருந்திருப்பா?" என்றார். கூட இருந்தவர்கள் சிரித்தார்கள்.

"என்னை மாதிரி இருந்தா" என்றாள் லீட்டா.

அவர்கள் திரும்பினார்கள். அவள் எழுந்து நிற்கவில்லை. குரலை உயர்த்தவும் இல்லை. "பல்லுல கம்பி போட்டிருந்தா. ஆறாம் வகுப்புல கணக்குல ஃபெயில். சட்டைப் பையில எப்பவும் ஒரு தவளை வச்சிருப்பா. அவ நான்தான் எர்வின். அவன் எங்கம்மா புருஷன். வேற ஏதாவது தெரியணுமா உங்களுக்கு?"

எர்வினின் முகம் செங்கல்லாகச் சிவந்துபோயிற்று. தொப்பியைக் கழற்றினார், திரும்ப மாட்டினார். "எனக்கு எப்படிம்மா தெரியும்?" என்று முனகிவிட்டு வெளியே போனார். வாங்க வந்த தீவனத்தை வாங்காமலே போனார். அதன்பிறகு அவர் இருபது மைல் தள்ளி இன்னொரு ஊரில் தீவனம் வாங்குவதாகக் கேள்வி.

வெண்டல் உள்ளறையிலிருந்து இடுப்பைப் பிடித்துக்கொண்டு வந்தார். எல்லாம் காதில் விழுந்திருக்க வேண்டும். பலகையிலிருந்து அந்தக் காகிதத்தை உருவி, நாலாக மடித்து, குப்பைக்கூடையில் போட்டார்.

"உப்புக்கட்டி லோடு வந்துச்சா பாரும்மா" என்றார்.

"வந்தாச்சு வெண்டல்."

"சரி."

அவரால் முடிந்தது அவ்வளவு. அதற்கே லீட்டா கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டாள்.

மற்றவர்களுக்கு அவ்வளவுகூடத் தெரியவில்லை. டார்லீன் அன்று சாயங்காலமே அடுப்பில் சுட்ட சிக்கன் நூடுல்ஸ் கேசரோல் செய்து எடுத்துக்கொண்டு வீட்டுக்கு வந்தாள். கட்டிப்பிடித்து அழுதாள். உண்மையாகத்தான் அழுதாள். அழுது முடித்து மூக்கைத் துடைத்துக்கொண்டு, "சரி கண்ணு, மனசுல வச்சுக்காத, சொல்லிடு. அவன் என்னதான் பண்ணினான்?" என்று நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். லீட்டா அவளுடைய பாத்திரத்தைக் கழுவித் திருப்பிக் கொடுத்து அனுப்பினாள்.

அதன்பிறகு லிஸ்டைப் பார்க்கச் சொல்லி ஒருவரும் அவளிடம் வரவில்லை. அவளிடம் அதைக் கேட்பது முறையாக இருக்காது என்று நினைத்தார்களாம். டார்லீன் புது போன் வாங்கிக்கொண்டாள், எல்லோரும் அதைச் சுற்றி நின்றார்கள். லீட்டா பக்கத்தில் போனால் பேச்சு மழையைப் பற்றித் திரும்பும். பாதிரியாரின் மனைவி அவள் கையைத் தேவைக்கு மேல் அழுத்திக் குலுக்கினாள். நேற்றுவரை ஊருக்குக் காவலாக இருந்தவளை இப்போது உடைந்த சாமான் மாதிரிப் பக்கவாட்டில் பார்த்தார்கள். அது அவளுக்குப் புதிதில்லை. பள்ளிக்கூட ஆபீஸ் அறையிலும் இப்படித்தான் பார்த்தார்கள்.

அம்மா வாரத்தில் இரண்டு தடவை போன் செய்தாள். மளிகைக் கடைக்குப் போகணும், மாத்திரை வாங்கணும். லீட்டா போய்வந்தாள். கோடை முழுக்கப் போனாள். இரண்டு கண்ணும் தெளிவாகத் தெரிந்த அம்மா அவளை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, "இந்த முடிக்குச் சாயம் போட்டா என்ன?" என்றாள். மளிகைக் கடையில் ஒரு பழைய சிநேகிதியிடம், "என் பொண்ணு. நல்ல பள்ளிக்கூடம்னு சின்ன வயசுலயே அவங்க அத்தை வீட்டுக்குப் போயிட்டா" என்று அறிமுகப்படுத்தினாள். லீட்டா சாமான் தள்ளுவண்டியைத் தள்ளிக்கொண்டு நகர்ந்தாள்.

இலையுதிர் காலம் வந்தபோது போன் குறைந்தது. பிறகு வரவேயில்லை. லீட்டா போட்டாலும் எடுக்கவில்லை. உடம்புக்கு ஏதோ என்று பயந்து, அடுத்த திங்கட்கிழமை கடையைத் திறந்ததும், கோடை முழுக்கத் தொடாத அந்தப் பெயரைத் தட்டினாள்.

ராய்ஸ் டெட்மர். ஸ்வீட்கம் ரோடு.

கணினியை அணைத்தாள். பிறகு கடை போனில் அம்மாவுக்குப் போட்டாள். இந்தத் தடவை அம்மா எடுத்துவிட்டாள்.

"அவனத் திரும்பச் சேத்துக்கிட்டியாம்மா?"

அந்தப் பக்கம் ஏதோ கீச்சுக்கீச்சென்று கத்தியது. "இருடி, இது கால நக்குது" என்று அம்மா சிரித்தாள். "ஒரு நாய்க்குட்டி கொண்டாந்தான் லீட்டா. வெள்ளைல ஒரு காது மட்டும் பழுப்பு. வாசல்ல வந்து மன்னிச்சுக்கோன்னு நின்னான். அழுதாண்டி. அத்தனை வயசானவன் அழுதா நான் என்ன பண்ண? செஞ்ச தப்ப ஒத்துக்கிட்டானே. எல்லாருக்கும் அந்த மனசு வருமா?"

"எந்தத் தப்பம்மா ஒத்துக்கிட்டான்?"

"பட்டனச் சுட்டதத்தான்" என்றாள் அம்மா. "வேற எத?"

லீட்டா போனை வைத்தாள்.

வெள்ளிக்கிழமை டார்லீன் கேக்கோடு கடைக்கு வந்தாள். மேலே மஞ்சள் கிரீம் தடவிய பெரிய கேக். பின்னாலேயே நாலைந்து பேர்.

"கேட்டீங்களா? டிரெய்லர் காலி! போயிட்டான்! லிஸ்டுலயும் நம்ம கவுண்டியில அவன் பேரு இல்ல, நானே போன்ல பாத்தேன்." அவள் லீட்டாவின் தோளைப் பிடித்து உலுக்கினாள். "உனக்காகத்தான் கண்ணு செஞ்சேன். தொலஞ்சான். எங்க போனா நமக்கென்ன?"

எல்லோரும் கைதட்டினார்கள். யாரோ காகிதத் தட்டுகளை எடுத்து வைத்தார்கள். முதல் துண்டு லீட்டாவுக்கு. எல்லோரும் அவள் முகத்தைப் பார்த்தார்கள். அவள் ஒரு வாய் எடுத்துப் போட்டு, மென்று விழுங்கினாள்.

"நல்லா இருக்கு டார்லீன்" என்றாள். "இனிப்பு சரியா இருக்கு."